யாரும் முளை அடிக்காத நிலம்

ராஜாவுக்கு ஆசை வந்தால் ஊருக்குத் தூக்கம் போயிற்று என்று அர்த்தம். முன்னே ஆண்ட ஒரு ராஜாவுக்குச் சித்திரை வெயிலில் அப்படியோர் ஆசை வந்தது. ஊருக்குக் கிழக்கே கோரைத்தாங்கல் என்ற பெரிய வெளியில் கோடை மாளிகை கட்ட வேண்டுமாம். இடத்தைச் சொன்னவர் பிரதானி சங்கரநயினார்.

அந்தத் தாங்கலில் மழைக்காலத்துத் தண்ணீர் தேங்கிக் கோரை வளரும். அதை அறுத்துப் பாய் நெய்து ஓர் ஊரே பிழைத்தது. அந்த ஊர்ப் பூவாயி சபைக்கு வந்து, "சாமி, அது தண்ணி படுக்குற எடம். அதைத் தூத்துட்டா நாங்க எங்க போவோம்?" என்று அழுதாள். வெடித்துக் கிடக்கும் கட்டாந்தரையில் தண்ணீர் ஏது என்று பிரதானி சிரித்தார். சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் மலைக்கொழுந்து மட்டும் அவள் பக்கம் நின்றான். வெளியில் பாதி மேடு, பாதி நீர்நிலம் என்றான்.

அவனைக் கண்டாலே பிரதானிக்கு வயிறு எரியும். அப்படியானால் எல்லையைக் காட்டட்டும் என்று ராஜாவைத் தூண்டிவிட்டார்.

"பொழுது சாய்வதற்குள் காட்டு. மண்வெட்டி படக்கூடாது. கோரை அறுப்பவர்களைக் கேட்கவும் கூடாது, தங்களுக்குச் சாதகமாகவே சொல்வார்கள். தவறினால் நாளைக்கே மாளிகைக்குக் கடைக்கால் தோண்டுவோம், நீயும் நாட்டைவிட்டுப் போகலாம்" என்றார் ராஜா.

"உத்தரவு மகாராஜா. சபையோரையே நம்புகிறேன். மாளிகைக்கு அக்கம்பக்கம் ஆள் வேண்டாமா? ஆளுக்கொரு மனை இனாம் தாருங்கள். அந்த வெளியில் பிடித்த இடத்தில் அவரவரே முளை அடிக்கட்டும். ஆனால் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும்."

ராஜா சம்மதித்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மகானுபாவர்கள் பார்த்தார்கள். பிரதானி முதலில் வெளியின் நடுவே போய் நின்றார். காய்ந்த கோரைத் தட்டை காலில் குத்தியது. மண்கட்டியை எடுத்து உடைத்தால் உள்ளே நத்தைக் கூடு, சேற்று வாடை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நெருஞ்சி படர்ந்த செம்மண் மேட்டுப் பக்கம் ஒரே நடையாக நடந்தார். மற்றவர்களும் அப்படியே. சேனாபதியும் புரோகிதரும் ஒரே மனைக்கு அடித்துக்கொள்ளாத குறை.

மலைக்கொழுந்து கடைசி முளைகளை ஒட்டி ஒரு கயிற்றைப் போட்டான். மாலையில் ராஜா வந்ததும், சபையோர் வரைந்த எல்லை இதுதான் என்று காட்டினான்.

ராஜாவுக்கு விளங்கவில்லை. கயிற்றுக்கு அப்பால் அவ்வளவு இடம் சும்மா கிடக்க, இங்கே ஏன் முட்டிக்கொள்கிறீர்கள் என்று பிரதானியைக் கேட்டார்.

"நான் பிள்ளைகுட்டிக்காரன், மகாராஜா. ஐப்பசியில் அங்கே சுவர் நிற்காது" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என் மாளிகைக்கு எந்த இடம் சொன்னீர்?"

பிரதானி வேட்டியில் ஒட்டிய நெருஞ்சியைப் பிடுங்கத் தொடங்கினார். மலைக்கொழுந்துதான் கை நீட்டிக் காட்டினான், கயிற்றுக்கு அப்பால், கோரைக்கு நடுவே.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டார். கயிறு கிடந்த வழியெல்லாம் கல் நடச் சொன்னார். பிறகு சிரிப்பு அடங்கி, பிரதானி பக்கம் திரும்பினார்.

"எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிரதானி" என்றார்.