கொற்றி கேட்ட கனம்

அந்தக் காலத்தில் பூமி, நிலா, வியாழன் எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. ஆனால் எதையும் இழுத்துப் பிடிக்கும் வழக்கம் ஒன்றுக்கும் இல்லை. மனிதர்களுக்கு எடையே கிடையாது. காற்றோடு போய்விடாமல் இடுப்பில் கொடி கட்டி, மரத்தோடு முடிந்துகொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

கொற்றி என்பவளுக்கு ஒரே மகன், சாத்தன். தவழும் பிள்ளை. கொடி உரசி அவன் இடுப்பெல்லாம் புண். மருந்து தடவலாம் என்று முடிச்சை அவிழ்த்தாள். பச்சிலையை எடுக்கத் திரும்பியதுதான் தாமதம், பிள்ளை பனை உயரத்துக்குப் போய்விட்டான். அவள் தன் கொடியையும் அறுத்துவிட்டுத் தரையை உதைத்துக் கிளம்பினாள்.

மேகத்துக்கு மேலே அவன் கால் கைக்குச் சிக்கியது. சிக்கி என்ன பயன்? இப்போது இருவருமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாராவது பிடியுங்கள் என்று கத்தினாள்.

வியாழனுக்கு மனசு பெரிது, உடம்பு அதைவிடப் பெரிது. ஆசையாகத்தான் இழுத்தது. மெதுவாகப் பிடிக்க அதற்குத் தெரியவில்லை, பாவம். பிள்ளை பாறாங்கல்லாகக் கனத்தான். மூச்சு முட்டி முகம் நீலம் பாரித்தது.

"விட்டுடு சாமி, செத்துருவான்" என்று கதறினாள். வியாழன் பதறிப்போய் விட்டுவிட்டது.

அடுத்து நிலா பிடித்தது. பிள்ளைக்கு மூச்சு வந்தது. ஆனால் சின்ன நிலாவுக்குச் சின்னப் பிடிதான். சாத்தன் ஒரு துள்ளுத் துள்ளி, அவள் கையை விட்டு எங்கோ உயரத்துக்குப் போனான். அவன் ஆடி அசைந்து இறங்கி வருவதற்குள் கொற்றிக்குப் பாதி உயிர் போய்விட்டது. இந்தப் பிடியை நம்பி எப்படிப் பிள்ளை வளர்ப்பது? சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாயே என்று பூமியைப் பார்த்து அழுதாள்.

"கொடியைக் கட்டிக்கிட்டீங்க, என்னை யாரு கேட்டா?" என்றது பூமி. "நான் பிடிச்சா அப்புறம் விடமாட்டேன். விழுந்தா அடிபடும். தூக்குனா கை வலிக்கும். பெத்த பிள்ளையே இடுப்பை ஒடிப்பான். உனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்தான். சம்மதமா?"

சாத்தன் மறுபடி துள்ளக் காலை மடக்கினான்.

"வலிக்கட்டும். பிடி" என்றாள் கொற்றி.

பூமி இழுத்தது. இருவரும் வந்து குளத்தில் விழுந்தார்கள். ஊரில் மிதந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் பொத்பொத்தென்று விழுந்து, அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டே அவளைத் திட்டித் தீர்த்தார்கள். அவள் காதிலேயே வாங்கவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். முதல் முறையாக அவள் இடுப்பில் அவன் கனத்தான். அந்தச் சந்தோஷத்தில் அழுதாள்.

அன்று முதல்தான், பிள்ளை அதே பிள்ளையாக இருந்தும் நிலாவில் லேசாகவும் வியாழனில் பாரமாகவும் இருக்கிறான். பூமியில் மட்டும் ஒரு தாய் சுமக்கிற அளவுக்குக் கனக்கிறான்.