செத்த வண்டுகளின் ஊர்வலம்

முன்னொரு காலத்தில் பொன்மலை நாட்டை மணிவல்லபன் என்றொரு ராஜா ஆண்டான். கத்திரிக்காய்க் கறி இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. ஒரு வருஷம் அரண்மனைத் தோட்டத்துக் கத்திரிச் செடிகளில் இலையோரமெல்லாம் யாரோ கடித்துத் துப்பியதுபோல் ஆகிவிட்டது. செடிகளும் வாடிச் சாய்ந்தன. எல்லாம் கூன்வண்டுகளின் வேலை. அரிசி அளவு உடம்பு, சாம்பல் நிறம், அகன்ற குட்டை மூக்கு.

"இவற்றை ஒழிப்பவனுக்கே மந்திரி மோதிரம்! மந்திரியாரே, உம்மால் முடியாவிட்டால் மூட்டையைக் கட்டும்!" என்று ராஜா கத்தினான்.

மந்திரி இளங்கண்ணனார் தோட்டத்துக்குப் போய்ச் செடியருகே குந்தினார். குந்தியவர் நெடுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

அந்த மோதிரத்தின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர் தளபதி விடங்கர். "வண்டை வேடிக்கை பார்ப்பதா? போர் தொடுக்க வேண்டும்!" என்று போர்முரசுகளைத் தோட்டத்தில் இறக்கினார். டமடம! டமடம! செடிகள் அதிர, வண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்து காலை மடக்கிக் கிடந்தன. அவற்றைத் தாம்பாளத்தில் குவித்து, முரசு முழங்கச் சபைக்கு வந்தார் விடங்கர்.

"மகாராஜா! என் முரசொலி கேட்டே மாண்டது பகை!"

ராஜா துள்ளி எழுந்தான். "ஆகா! கழற்றும் மோதிரத்தை, மந்திரியாரே!"

மந்திரி மோதிரத்தைப் பாதி விரல்வரை இழுத்தார். "தருகிறேன் மகாராஜா. முரசை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். செத்தவர்களுக்காகச் சற்று மௌனமாக இருப்போம்."

முரசு நின்றது. சபை மூச்சடக்கியது. தாம்பாளத்தில் ஒரு கால் அசைந்தது. பிறகு பத்து, பிறகு அத்தனையும்! வண்டுப் படை தளபதியின் கையேறி, தோளேறி, மீசைக்குள் புகுந்தது.

"ஐயோ, காதுக்குள்ளே!"

"பிடியும் ஐயா, மூக்கில் ஒன்று! உம் மூக்கைத் தன் சொந்தக்காரன் என்று நினைத்துவிட்டது!" ராஜா சிம்மாசனத்தின்மேல் ஏறி நின்று சிரித்தான்.

"அதிர்ந்தால் விழுந்து செத்ததுபோல் நடிக்கும், மகாராஜா," என்றார் மந்திரி. "உடனே பறந்து ஓடாது. கீழே துணி விரித்துச் செடியை உலுக்கி, விழுந்ததும் வெந்நீரில் கொட்ட வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் இதன் புழுதான் வேரைத் தின்கிறது. அதையும் கிளறி எடுக்க வேண்டும்."

"உமக்கெப்படித் தெரிந்தது?"

"தொட்டேன், விழுந்தது. நானும் செத்ததென்றே நம்பினேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை, அங்கேயே இருந்தேன். எழுந்து நடந்துவிட்டது."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "விடங்கரே, இனி தினமும் துணி பிடிப்பது நீர்தான்!"

மீசையை உதறிக்கொண்டே விடங்கர் முனகினார்: "செத்ததா, நடிப்பா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருங்கள், தளபதியாரே. அதுவே சொல்லிவிடும்."