இருவாச்சி இடித்த சத்துக் கட்டி

ஒரு மலைச்சோலையில், உயரமான மரத்தின் பொந்து வாசலில், பொன்னரங்கம் என்ற இருவாச்சிப் பறவை மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தான். பொந்துக்குள்ளே அவன் மனைவி செங்கமலமும், புதிதாக முட்டையை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சும் இருந்தார்கள்.

இருவாச்சிகளின் வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வாசலை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். உள்ளே போன பிறகு இறகுகள் உதிர்ந்துவிடும். புது இறகு முளைக்கும்வரை அவளால் பறக்க முடியாது. வெளியே இருக்கும் கணவன் கொண்டுவந்து ஊட்டினால் சாப்பாடு. இல்லாவிட்டால் தாயும் பிள்ளையும் பட்டினி.

சும்மா சொல்லக் கூடாது, பொன்னரங்கம் நல்ல கணவன்தான். விடிந்ததும் ஆற்றங்கரை அத்தி மரத்துக்குப் பறப்பான். பழங்களைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு திரும்புவான். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கீறலுக்குள் நீட்டுவான். குஞ்சு பிறந்த பிறகு நடை கூடிப்போயிற்று. சிறகு விண் விண் என்று வலித்தது. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. பழத்தையும் பருப்பையும் சேர்த்து இடித்துக் கட்டியாக்கினால் என்ன? ஒரே நடையில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடுமே!

உடனே வேலையில் இறங்கினான். அத்திப்பழங்களைப் பிளந்து வெயிலில் காய்ந்த பாறைமேல் பரப்பினான். ஈச்சம்பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டுப் பசையாக மசித்தான். காட்டு வாதுமையை உடைத்துப் பருப்பை ஒன்றிரண்டாகப் பொடித்தான். எல்லாவற்றையும் மலைத்தேன் விட்டுப் பிசைந்து, மந்தாரை இலைகளுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கல்லை ஏற்றினான். இறுகியதும் அலகின் விளிம்பால் துண்டு போட்டான்.

முதல் துண்டு கீறலுக்குள் போயிற்று.

"ஏங்க, இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்டாள் செங்கமலம். "குஞ்சு கண்ணை மூடிக்கிட்டு முழுங்குது. எனக்கும் தெம்பா இருக்கு. இதையே செய்யுங்க. எதையும் மாத்திடாதீங்க."

கதை இந்த இடத்திலேயே சுகமாக முடிந்திருக்கலாம். ஆனால் பொன்னரங்கத்துக்கு ஒரு வாய் பாராட்டு போதவில்லை. சுவருக்குள் இருக்கிறவள் பாராட்டினால் ஊருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் ஒரு துண்டை அலகில் பிடித்துக்கொண்டு குளக்கரைக்குப் போனான்.

குளக்கரையில் ஓர் ஆரோக்கிய சபை இருந்தது. யாரும் அதை அமைக்கவில்லை, அதுவாகவே அமைந்துகொண்டது. பிடரி மயிர் நன்றாக இருந்ததால் சிங்கவால் குரங்கார் அதற்குத் தலைவர். தொந்தி தரையைத் தொட நடக்கும் கரடியார் அங்கே அளவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். மலையணிலார் புதுப் புது நோய்களின் பெயர்களைச் சொல்லிப் பயமுறுத்துவார். மூன்று பேரும் சொன்னால் சோலையே தலையாட்டும்.

பொன்னரங்கம் தன் கட்டியைப் பெருமையோடு அவர்கள் முன்னால் வைத்தான். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கரடியார் பாதியை வாயில் போட்டுக்கொண்டார். சந்தேகம் தீரவில்லை என்று மீதியையும் போட்டுக்கொண்டார். பிறகு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"தம்பி, தேன் போட்டிருக்கே போல. தேன் சூடு. காத்தே நுழையாத பொந்துல அடைஞ்சு கிடக்கற பொண்ணுக்குச் சூட்டைக் குடுக்கலாமா?"

பொன்னரங்கத்துக்குப் பகீர் என்றது. இருக்கிற தேனை என்ன செய்வது என்று கேட்டான். கண்ட இடத்தில் கொட்டினால் எறும்பு வரும் என்றார் கரடியார். அதனால் தன் குகையில் கொண்டுவந்து வைத்துவிடச் சொன்னார். அந்த ஆபத்தை அவரே பார்த்துக்கொள்வாராம். என்ன பெரிய மனது என்று பொன்னரங்கம் உருகிப் போனான்.

தேன் இல்லாத கட்டி உதிர்ந்தது. உள்ளே போன துண்டு பாதி தூளாகத்தான் போய்ச் சேர்ந்தது. செங்கமலம் அதைச் சொல்லிக் குறைப்பட்டாள். உடம்புக்கு நல்லது அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுக் குளக்கரைக்குப் பறந்தான்.

இந்த முறை மலையணிலார் காத்திருந்தார். பருப்பு முழுக்கக் கொழுப்பு என்றார். உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்குக் கொழுப்பு விஷம் என்றார். "யோசிச்சுப் பாருங்கண்ணே. அண்ணி உடம்பு பொந்தை விடப் பெருத்துடுச்சுன்னா, நாளைக்கு எப்படி வெளிய வருவாங்க?"

மரத்தில் மாட்டிக்கொண்டு தவிக்கும் செங்கமலத்தைப் பொன்னரங்கம் மனக்கண்ணில் பார்த்தான். அன்றைக்கே வாதுமைப் பருப்பு முழுவதும் அணிலாரின் கூட்டுக்குப் போயிற்று. அணிலார் அதைப் பத்திரமாக அழித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

கடைசியில் சபைத் தலைவரே பேசினார். குரங்கார் பேசுவதற்கு முன்னால் பிடரியைக் கோதிவிட்டுக்கொள்வார். அதற்குள்ளாகவே பாதிப் பேருக்கு அவர் சொல்வது சரி என்று பட்டுவிடும். குஞ்சுக்கு இந்த வயதிலேயே பழத்தின் இனிப்பைக் காட்டினால் நாக்கு கெட்டுவிடும் என்றார். நாக்கு கெட்டால் குணம் கெடும், குணம் கெட்டால் குலம் கெடும் என்று அடுக்கினார். உலர்ந்த அத்தியும் ஈச்சம்பழமும் அவர் ஏறும் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தன.

தேன் போயிற்று. பருப்பு போயிற்று. பழமும் போயிற்று. பிறகு கட்டியில் எதைப் போடுவது? சபை கூடி முடிவு செய்தது. மூங்கிலரிசித் தவிடு, காய்ந்த இலைத்தூள், இடித்த மரப்பட்டை. தண்ணீர் தெளித்துப் பிடித்தால் நிற்கவில்லை என்பதால் கொஞ்சம் வேப்பம்பிசின். அதற்குத் தூய சத்துக் கட்டி என்று குரங்கார் பெயர் சூட்டினார். இல்லாத சத்தெல்லாம் பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சோலை முழுக்க அதே பேச்சு. மானும் முயலும் வந்து கட்டியைப் பார்த்துவிட்டுப் போயின. எவ்வளவு நார்ச்சத்து என்று வியந்தன. தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. முகர்ந்து பார்த்தவர்கள் உண்டு. கடித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பொன்னரங்கம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். நாளெல்லாம் தவிடு இடிப்பது லேசான வேலையா? நடுநடுவே ஆற்றங்கரையில் இறங்கி நாலு அத்திப்பழம் போட்டுக்கொண்டால்தான் அவனுக்குத் தெம்பு வந்தது.

செங்கமலம் ஒரு நாள் சண்டை போட்டாள். மறுநாள் கெஞ்சினாள். உனக்கு ஒன்றும் தெரியாது, பெரியவர்கள் யோசித்துச் சொன்னது என்று அவன் அடக்கிவிட்டான். பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கொடுத்த கட்டிகளை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மரத்தடியில் ஒரு துணுக்குகூட விழுந்து கிடக்கவில்லை. பார்த்தீர்களா, எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுகிறாள் என்று பொன்னரங்கம் சபையில் சொல்லிக்கொண்டான்.

"குஞ்சு இப்ப கத்தறதே இல்லைங்க" என்று ஒரு நாள் கீறல் வழியாக மெதுவாகச் சொன்னாள்.

அதையும் அவன் சபைக்குக் கொண்டுபோனான். பசி அடங்கிவிட்டதற்கு அதுவே அடையாளம் என்றார் குரங்கார். மனைவிக்கு உடம்பு காற்றுப்போல் ஆகிவிட்டதாம் என்றான். அதற்குத்தானே இவ்வளவு பாடு என்றார் கரடியார். கூட்டம் மகிழ்ந்தது. பொன்னரங்கமும் மகிழத்தான் பார்த்தான். ஆனால் அன்றைக்கு அது முழுதாக வரவில்லை.

அன்று மாலை கட்டியோடு வந்து கூப்பிட்டான். கீறலில் அலகு தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டான். வெகுநேரம் கழித்து ஓர் அலகு நுனி நீண்டது. நிறம் மங்கி, நடுங்கிக்கொண்டிருந்தது. அது கட்டியை வாங்கவில்லை.

"கொஞ்சம் கிட்ட வாங்க" என்றாள் செங்கமலம்.

போனான்.

"உங்க வாயில அத்திப்பழ வாசனை வருது."

பொன்னரங்கம் அலகை மூடிக்கொண்டான்.

"நான் திட்டல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தத் தவிட்டுக் கட்டியை நீங்க ஒரு நாளாவது தின்னு பாத்தீங்களா?"

அவன் தின்றதே இல்லை. தேன் சூடு, பழம் கெடுதல் என்று சொன்னபோதெல்லாம் அது செங்கமலத்துக்குத்தான் கெடுதலாகத் தெரிந்ததே தவிர, தனக்கும் பொருந்தும் என்று ஒரு தடவைகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"என் கண்ணு முன்னால ஒரு வாய் தின்னுங்க. நீங்க முழுங்கிட்டா நானும் முழுங்கறேன்" என்றாள்.

பொன்னரங்கம் கட்டியைக் கடித்தான். அலகுதான் வலித்தது. எப்படியோ ஒரு மூலையை உடைத்துத் தொண்டைக்குள் தள்ளினான். தவிடு தொண்டையிலேயே நின்றது. பட்டை குத்தியது. பிசின் கசந்தது. இருமி, கண்ணீர் வழிந்து, எல்லாவற்றையும் வெளியே துப்பினான். வாங்கிய கட்டியெல்லாம் எங்கே போயிற்று என்று திணறிக்கொண்டே கேட்டான்.

"பொந்துல ஊர்ற பூச்சியைத் தின்னுதான் நாங்க கிடக்கோம். கட்டியெல்லாம் எங்கேன்னு சுவத்தைப் பாருங்க. விரிசல் விட்ட இடமெல்லாம் அதை வச்சுத்தான் அடைச்சேன். மண்ணை விட நல்லா நிக்குது."

அவன் கீறலில் கண்ணை வைத்துப் பார்த்தான். பொந்தின் சுவர் முழுக்க அவனுடைய தூய சத்துக் கட்டிகள் செங்கல் செங்கலாகப் பதிந்திருந்தன. அவற்றுக்குக் கீழே குஞ்சு கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தது. கண் திறந்திருந்தது, வாய் திறக்கவில்லை. பொன்னரங்கத்துக்கு அழுகை பொங்கி வந்தது. அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. ஆற்றங்கரையைவிடக் கரடியாரின் குகை கிட்டத்தில் இருந்தது. கொடுத்த தேனில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும் என்று அங்கே பறந்தான்.

மிச்சம் நிறையவே இருந்தது. குகை வாசலில் ஆரோக்கிய சபை முழுவதும் கூடியிருந்தது. அணிலார் வாதுமைப் பருப்பை ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொண்டிருந்தார். குரங்கார் அத்தியையும் ஈச்சம்பழத்தையும் பிசைந்துகொண்டிருந்தார். கரடியார் தேன் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மந்தாரை இலையும் தட்டைக் கல்லும் தயாராக இருந்தன. இறுகிய கட்டிகள் ஒரு வரிசையாக அடுக்கியிருந்தன. பொன்னரங்கம் முதல் நாள் செய்த அதே கட்டி. ஒன்றையும் மாற்றவில்லை.

"தம்பி, தப்பா நெனைக்காதே" என்றார் கரடியார். வாய் நிறைய இருந்ததால் பேச்சு குழறியது. "கெட்டதையெல்லாம் நாங்க தின்னு ஒழிச்சிக்கிட்டிருக்கோம். எல்லாம் உங்க நன்மைக்குத்தான்."

பொன்னரங்கம் வாதாடவில்லை. அந்தப் பெரிய அலகைத் திறந்து படார் என்று அடித்து மூடினான். அணிலார் மரமேறிவிட்டார். குரங்கார் பிடரியை மறந்து ஓடினார். கரடியார் ஓட முடியாமல் குகைக்குள் நுழைந்துகொண்டார். பொன்னரங்கம் அடுக்கியிருந்த கட்டிகளைத் தொண்டை கொண்ட மட்டும் அள்ளிக்கொண்டு, காற்று இரைய இரையப் பறந்தான்.

ஒரு கட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, எச்சிலில் ஊறவைத்துக் கீறலுக்குள் நீட்டினான். செங்கமலம் தான் தின்னவில்லை; குஞ்சின் அலகைப் பிரித்துக் கொஞ்சம் வைத்தாள். முதலில் அது அப்படியே கிடந்தது. பிறகு தொண்டை அசைந்தது. இன்னொரு துணுக்கு. இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, இன்னும் கொண்டா என்று கோபமாக ஒரு கத்தல் கேட்டது. உலகத்தில் அதைவிட இனிய சத்தத்தைப் பொன்னரங்கம் கேட்டதில்லை. அதன் பிறகுதான் செங்கமலம் சாப்பிட்டாள்.

ஆரோக்கிய சபைக்கு வெட்கம் என்ற வியாதி மட்டும் வந்ததே இல்லை. சில நாள் கழித்துக் குரங்கார் பிடரியைக் கோதிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். தூய சத்துக் கட்டியில் தவிடும் அதிகமாகிவிட்டது, அதையும் குறைத்தால் இன்னும் தூய்மையாகும் என்று புதிதாகக் கண்டுபிடித்திருந்தார்.

"உள்ள இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்" என்றான் பொன்னரங்கம். கீறலில் அலகை வைத்து விஷயத்தைச் சொன்னான்.

உள்ளே எதையோ பெயர்த்தெடுக்கும் சத்தம் கேட்டது. சுவரில் பதிந்திருந்த தூய சத்துக் கட்டி ஒன்று கீறல் வழியாக வெளியே வந்து, நேராகக் கீழே போய், சபைத் தலைவரின் உச்சந்தலையில் விழுந்தது. கட்டி உடையவில்லை. குரங்கார்தான் பிடரியோடு தலையையும் பிடித்துக்கொண்டு குளக்கரைப் பக்கம் ஓடினார்.

உண்ணுகிறவரின் வயிற்றைக் கேட்காமல் ஊராரின் வாயைக் கேட்டுச் சமைக்கிறவர், தாம் கொடுப்பதைத் தாமே முதலில் ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும்.