இடது செருப்புக்குக் கிடைத்த நஷ்டஈடு

பொருள்கள் தங்கள் வம்பு வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் நெடுஞ்சாலை ஓரத்து ஊர் ஒன்றில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாழ்ந்து வந்தது. இரண்டும் ஒரே அச்சில், ஒரே நாளில் பிறந்தவை. ஆனாலும் தான்தான் மூத்தது என்று வலது தானாகவே முடிவு செய்துகொண்டது. இடதும் போனால் போகிறதென்று அதை அக்கா என்றே கூப்பிட்டது.

இடதின் வார் அறுந்து கொஞ்ச நாளாகியிருந்தது. அந்த ஊரில் எல்லாச் செருப்பும் செய்வதைத்தான் அதுவும் செய்தது. அடியில் ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டு சமாளித்தது. நடக்கும்போது ஊக்கு தரையில் டிக் டிக்கென்று தட்டும். அக்காவுக்கு மானம் போகும். மற்றபடி இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் காலை இரண்டும் நெடுஞ்சாலையைக் கடந்தன. நடக்கிறவர்களுக்கென்று வெள்ளைக் கோடு போட்ட இடத்தில்தான் கடந்தன. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடந்தன. தண்ணீர் லாரிதான் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. வலது நூலிழையில் தப்பியது. இடதின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியது. வார் மொத்தமாகப் பிய்ந்து, குதிகால் பக்கம் அப்பளமாகிவிட்டது.

லாரி நிற்கவில்லை. அதன் ஹாரன் மட்டும் போகிற போக்கில் கேட்டது: "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

ஒரு செருப்புக்கு வார் போனால் அதோடு முடிவதில்லை. நன்றாக இருக்கிற மற்றதையும் சேர்த்துத்தான் குப்பையில் போடுவார்கள். இடது தன் வலியைப் பொறுத்துக்கொண்டது. அக்காவை நினைத்துத்தான் அதற்கு அழுகை வந்தது. புது வார் ஒன்று கிடைத்தால் போதும், இரண்டும் பிழைத்துக்கொள்ளும். பிய்த்தது லாரி, கொடுக்க வேண்டியதும் லாரிதான். இதில் என்ன சிக்கல் இருக்க முடியும் என்று நினைத்து அது வழக்குப் போட்டது. பாவம், அதற்குக் கோர்ட் வாசல் தெரியாது.

வக்கீலாகக் கிடைத்தது ஒரு கறுப்புக் குடை. ஊரில் கறுப்பு உடுத்தியிருந்தது அது ஒன்றுதான். வேறு தகுதி என்ன என்று யாரும் கேட்கவில்லை.

"கேஸ் ரொம்ப ஸ்ட்ராங்மா," என்றது குடை. "வார் என்ன வார், வெல்வெட் பட்டையே வாங்கித் தர்றேன்."

"வார் போதுங்கய்யா. நாங்க நடக்கணும், அவ்வளவுதான்."

"உங்க ஃபீஸு?" என்று வலது இடையில் கேட்டது.

"அதப் பத்தி நீங்க ஏன் கவலப்படறீங்க? அது எங்கேருந்தாவது வந்துடும்."

இடதுக்கு இதைக் கேட்டதும் மனம் குளிர்ந்துவிட்டது. வலதுக்கு அவ்வளவாகக் குளிரவில்லை.

நீதிபதி ஒரு சிக்னல் விளக்கு. சாலையை அகலப்படுத்தியபோது பிடுங்கப்பட்டு, மூடிக் கிடந்த கல்யாண மண்டபம் ஒன்றில் வந்து உட்கார்ந்திருந்தது. சிவப்பும் பச்சையும் எப்போதோ போய்விட்டன. மஞ்சள் மட்டும் மினுங்கும். அதை வைத்துக்கொண்டுதான் அது நீதி சொல்லிக்கொண்டிருந்தது.

வழக்கு நாளன்று இடதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வலது மண்டபத்துப் படி ஏறியது. வாசலில் துடைப்பம் காவலுக்கு நின்றது. அதன் தலைக்கு மேலே 'செருப்பை வெளியே விடவும்' என்று ஒரு பலகை தொங்கியது.

"கேஸ் போட்டதே நாங்கதாங்க," என்றது வலது.

"இருக்கட்டும். செருப்பு உள்ள போகக் கூடாது. இங்க கல்யாணம் நடந்த காலத்துலேர்ந்து இருக்கற ரூலு."

"லாரி உள்ள போயிருக்கே?"

"அது சமையல்கட்டு வாசல் வழியாப் போச்சு. அதோட, லாரி என்ன செருப்பா?"

இடது ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து நின்றபடி தன் வழக்கைத் தானே ஒட்டுக்கேட்டது.

குடை முதல் சாட்சியாக வெள்ளைக் கோட்டைக் கூப்பிட்டது. "விபத்து நடந்தப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்லீங்க."

"உங்க மேலதானே நடந்தது?"

"நடந்திருக்கும். ஒரு மந்திரி வர்றாருன்னு ஒரு தடவ பெயிண்ட் அடிச்சாங்க. அவரும் வேற ரோட்ல போயிட்டாரு. அதுக்கப்புறம் தேய்ஞ்சு தேய்ஞ்சு, நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே தெரியலீங்க. இல்லாதவன் எப்படிங்க சாட்சி சொல்றது?"

லாரிக்கு வக்கீல் அதன் ஹாரனே. அது எழுந்து தொண்டையைச் செருமியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஐயா, இது ஏற்கெனவே அறுந்த செருப்பு. அடியில ஊக்கு. அந்த ஊக்கு எங்க டயர்ல ஏறிப் பஞ்சராகி, ஒரு தெருவே தண்ணி வராம குடத்தோட நின்னுச்சு. பாதிக்கப்பட்டது நாங்க. நஷ்டஈடு எங்களுக்குத்தான் வரணும்."

"லாரி என்மேல ஏறினதாலதானே ஊக்கு குத்துச்சு?" என்று இடது வெளியிலிருந்து கத்தியது. ஹாரன் பேசும்போது வேறு யார் பேசினாலும் கேட்காது. குடையாவது இதைச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மழை இல்லை, அதனால் அது திறக்கவே இல்லை.

நீதிபதி நெடுநேரம் மஞ்சளாக மினுங்கியது. "நில்லுன்னு சொல்றதுக்கும் இல்ல, போன்னு சொல்றதுக்கும் இல்ல. ரெண்டு பேரும் பாத்துப் போங்க. அடுத்த வாய்தாவுல பேசிக்கலாம்."

அடுத்த வாய்தாவிலும் அதே மஞ்சள்தான். அதற்கடுத்ததிலும். வெயிலிலும் மழையிலும் படியிலேயே கிடந்து இடதின் ரப்பர் வெடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை பெருக்க வரும்போதும் துடைப்பம் இரண்டையும் குப்பைத்தொட்டிப் பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தது.

ஒருநாள் குடை துள்ளிக்கொண்டு வந்தது. "லாரிக்குப் பெரிய மனசும்மா. வார் குடுத்தா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அதனால அது கிடையாது. ஆனா வேலை குடுக்குது. லாரியிலேயே, முன்பக்கத்துல இடம். ஆயுசு பூரா நீ நடக்கவே வேண்டாம்."

"அக்காவும் வரலாமாங்கய்யா?"

"வரலாம்னுதான் நெனைக்கிறேன்," என்றது குடை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

வலது தங்கையைத் தனியே இழுத்தது. "எனக்கு இது சரியாப் படலடி. நாம கேட்டது வாரு. செருப்புக்கு எதுக்குடி நடக்காத வேலை?"

"வாருன்னு உக்காந்திருந்தா தொடப்பம் ரெண்டு பேரையும் தள்ளிடும்க்கா. நான் ஒத்துக்கறதே உனக்காகத்தான்."

இரண்டும் வழக்கை வாபஸ் வாங்கின. நீதிபதிக்கு அன்றைக்குத்தான் மனம் லேசாயிற்று.

மறுநாள் காலை இடதை ஒரு கம்பியில் கோத்து லாரியின் முன்பக்க பம்பருக்குக் கீழே கட்டினார்கள். பக்கத்தில் மிளகாய்களோடு கோத்த ஓர் எலுமிச்சம்பழம், காய்ந்து சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க அக்கா?" என்று கேட்டது இடது.

"திருஷ்டிக்கு ஒத்தைதான் ஆகும்," என்றது ஹாரன். "ஜோடியாக் கட்டினா அது வெறும் செருப்பு."

இடது மண்டபத்து வாசலைப் பார்த்தது. படியில் வலது தனியாக நின்றிருந்தது. அதன் பின்னால் துடைப்பம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. லாரியின் உள்ளே, முன் சீட்டில், குடை சொகுசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் ஃபீஸ் எங்கேயிருந்து வந்தது என்று இடதுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன பிரயோஜனம்? லாரி கிளம்பிவிட்டது.

"இங்க என்னண்ணே வேலை?" என்று அது எலுமிச்சம்பழத்தைக் கேட்டது.

"வண்டிக்கு விபத்து வராமப் பாத்துக்கறது."

"எப்படிப் பாத்துக்கறது?"

"தொங்கணும்மா. அவ்வளவுதான்."

ஊருக்குள் ஒரு நடை தண்ணீர் இறக்கிவிட்டு லாரி திரும்ப நெடுஞ்சாலைக்கு வந்தது. வெள்ளைக் கோடு இருந்த இடம் தூரத்தில் தெரிந்தது. அங்கே ஒரு செருப்பு தத்தித் தத்திச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. துடைப்பம் தள்ளிய இடத்திலிருந்து தங்கையைத் தேடிக்கொண்டு கிளம்பிய வலதுதான் அது. லாரியின் முகத்தில் தங்கை தொங்குவதைக் கண்டதும் அது சந்தோஷத்தில் நடுச்சாலையிலேயே நின்றுவிட்டது.

இடதுக்கு உயிரே போய்விட்டது. "போக்கா, தள்ளிப் போ," என்று கத்தியது. ஹாரன் அதைவிடச் சத்தமாகக் கத்தியது. லாரியின் வேகம் துளியும் குறையவில்லை.

"அண்ணே, எங்க அக்கா அது. பிரேக் போடச் சொல்லுங்கண்ணே."

எலுமிச்சம்பழம் அதைப் பரிதாபமாகப் பார்த்தது. "பிரேக்கா? அதான் விபத்து வராமப் பாத்துக்க உன்ன வேலைக்கு வெச்சாச்சே. காலையிலயே அதுக்கு லீவு குடுத்துட்டாங்கம்மா."