அரசர் நெஞ்சில் புகுந்த எதிரி

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஓர் அரசர் ஆண்டுவந்தார். நாட்டின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், கதையைச் சொன்னவர் இப்போது இல்லை. அரசருக்கு ஐம்பது வயது, அடர்ந்த மீசை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஒருநாள் காலை அரசர் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூச்சை இழுத்தால் வலித்தது. சிரித்தால் வலித்தது. திரும்பிப் படுத்தால் இன்னும் வலித்தது.

அரசர் மேனியில் அயலார் கை படக்கூடாது என்பது அந்த நாட்டில் பழைய ஆணை. அதனால் அரண்மனை வைத்தியர் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அரசரின் மணிக்கட்டில் கட்டிய பட்டு நூலின் மறுமுனையைப் பிடித்து நாடி பார்ப்பார். நூலில் ஈ உட்கார்ந்தாலும் நாடி துள்ளும்.

"வாயுவாக இருக்கலாம், மன்னா," என்றார் வைத்தியர். கொஞ்ச நேரம் கழித்து, "நேற்றைய புளிக்குழம்பு நெஞ்சுக்கு ஏறி எரிக்கிறதோ? இருமல் உண்டா? சளி கட்டினாலும் இப்படி வலிக்கும். மனக்கவலை இருந்தாலும்..."

"இதயமா, இல்லையா? அதைச் சொல்லும்!"

"அதுவாகவும் இருக்கலாம். நூல் தெளிவாகச் சொல்லவில்லை."

அரசருக்கு வலியோடு தலையும் சுற்றியது.

தளவாய் விக்கிரமகேசரி முன்னால் வந்தார். "காரணம் ஒன்றுதான், மன்னா. நஞ்சு. சமைத்தவன் வைரவன். அவனோடு தினமும் சமையற்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நம் விகடகவி ஆனைமுத்து." ஆனைமுத்து சபையில் வாய் திறந்தாலே அரசர் சிரிப்பார். அதுவே தளவாய்க்குப் பல வருட எரிச்சல்.

வைரவனைக் கட்டி இழுத்து வந்தார்கள். "சாமி, நான் போட்டது பெருங்காயந்தான்! நஞ்சு என்ன நெறம்னுகூட எனக்குத் தெரியாது சாமி!"

"மன்னா, அதே குழம்பை நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்," என்றான் ஆனைமுத்து. "எனக்கு ஏப்பம்தான் வந்தது."

"கூட்டாளிக்கு மாற்று மருந்து கிடைத்திருக்கும்," என்றார் தளவாய்.

"போதும்!" என்று அரசர் கத்தினார். கத்தியதும் வலித்தது. "ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். என் நெஞ்சில் புகுந்த எதிரி யார்? ஆனைமுத்து, நாளைச் சபை கலைவதற்குள் அவனை விலங்கிட்டு என் முன் நிறுத்து. இல்லையேல் வைரவன் தலை போகும். பின்னாலேயே உன் தலையும்."

"உத்தரவு. மன்னா, நேற்று ஏதேனும் பளு தூக்கினீர்களா?"

"அரசன் பளு தூக்குவானா?" என்று மீசையை முறுக்கினார். ஆனால் கண் மட்டும் ஜன்னல் வழியே தோட்டத்துக்குப் போய்த் திரும்பியது.

ஆனைமுத்து தோட்டத்துக்குப் போனான். அங்கே இளவட்டக்கல் கிடந்தது. பெண் கேட்டு வரும் வாலிபர்கள் தூக்கித் தோளில் போட்டுக் காட்டுகிற உருண்டைக் கல். போன வாரத் திருவிழாவில் ஒரு காவல் வீரன் அதைத் தூக்கினான். அரசி கைதட்டிப் பாராட்டினாள். இப்போது கல் தன் குழியைவிட்டு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. பக்கத்து மண்ணில், ஆழப் புதைந்த இரண்டு பாதச்சுவடுகள். இரண்டிலும் அரச முத்திரை போட்ட பாதக்குறட்டின் அடையாளம்.

மறுநாள் கைதியைக் கொண்டுவருவதுபோல் எட்டுப் பேர் அந்தக் கல்லைச் சங்கிலியால் கட்டிச் சபைக்குள் உருட்டிவந்தார்கள்.

"மன்னா, எதிரி வந்துவிட்டான்."

"கல் எப்படி நெஞ்சுக்குள் புகும்?" என்று தளவாய் சிரித்தார்.

"புகுந்த வழியைக் காட்டுகிறேன்." ஆனைமுத்து இடுப்பிலிருந்து வைரவனின் குழம்புக் கரண்டியை உருவினான். நேரே அரியணைக்குப் போய், காம்பின் நுனியால் அரசரின் விலாவில் ஓரிடத்தை அழுத்தினான்.

"ஐயோ! அங்கேதான்!"

"அரசர் மேனியைத் தொட்டுவிட்டான்! பிடியுங்கள்!" என்று தளவாய் வாளை உருவினார்.

"ஆணையில் இருப்பது கை, தளவாயாரே. என் கை எங்கே பட்டது? கரண்டியைப் பற்றி முன்னோர் ஒன்றும் சொல்லவில்லையே." பிறகு அரசர் காதருகே குனிந்தான். "மன்னா, இந்த எதிரியோடு மல்லுக்கு நின்றவரின் சுவடுகளும் தோட்டத்தில் இருக்கின்றன. யாருடையவை என்று சொல்லட்டுமா?"

கல்லைத் தூக்கிய மறுநாள்தான் வலி வந்தது என்பதால், அரசருக்கே அதுவரை இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அரசி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஒரு சாண்தான் எழும்பியது," என்றார் மெல்ல. அரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அடேய், சிரிக்க வைக்காதே, வலிக்கிறது!"

அன்றே பழைய ஆணை ரத்தானது. வைத்தியர் முதன்முறையாக அரசரின் கையைத் தன் கையால் பிடித்தார். மார்பில் காது வைத்து நெடுநேரம் கேட்டார். "இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது, மன்னா. விலாத் தசைதான் பிடித்திருக்கிறது. ஒத்தடமும் ஓய்வும் போதும்." அவர் குரலில் அன்று 'இருக்கலாம்' இல்லை.

வைரவனின் கட்டு அவிழ்ந்தது. அரசரின் முத்துமாலை ஆனைமுத்துவின் கழுத்துக்கு வந்தது.

"தளவாயாரே, எதிரியைத் தோட்டத்தில் கொண்டுபோய் விடும். தனியாக," என்றார் அரசர்.

தளவாய் குனிந்து கல்லைக் கட்டிப் பிடித்தார். முகம் சிவந்தது. சட்டென்று மார்பைப் பிடித்துக்கொண்டார். "மன்னா, இங்கே ஏதோ..."

"ஐயோ, இதயமா?" என்று அரசர் பதறினார்.

ஆனைமுத்து கரண்டியை எடுத்தான்.

தளவாய் விறைத்து நிமிர்ந்தார். "இல்லை மன்னா, இல்லை. வாயுவாக இருக்கலாம்."

அரசர் விலாவைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார்.