செக்கடியில் கல்லாக நின்றவள்

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருந்த சரோஜினியக்கா. என் சின்ன மகன் வேலைக்கென்று வெளியூர் போன வாரம் அது. அவன் வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டைத் துடைத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டு, கோதுமை அரைக்கப் போயிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா, "உட்காரு, மாவு ஆறட்டும். அதுக்குள்ள ஒரு கதை சொல்றேன்" என்றார். அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். பெரியவர்களும் கேட்கலாம், பிள்ளைகளும் கேட்கலாம்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைக்கு அந்தப் பக்கம் ராஜாவும் இந்தப் பக்கம் ஜனங்களும் இருந்த ஒரு நாட்டில், பொன்னுரங்கன் என்று ஒரு செக்காட்டி இருந்தான். அவன் மனைவி அரியநாச்சி. அவர்களுக்கு ஒரே ஒரு மாடு, வால் அறுந்த மாடு. அதன் பேர் கூழையன்.

பொன்னுரங்கனுக்குப் பாட்டுக் கட்டுவதில் ஆசை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செக்கு சுற்றும், மாடு சுற்றும், அவனும் சுற்றுவான். சுற்றச் சுற்ற ஒரு மெட்டு வரும். மெட்டுக்கு ஒரு வரி வரும். அந்த ஒரு வரியோடு சரி. மறுநாள் வேறு மெட்டு, வேறு வரி. அவன் ஒரு பாட்டையும் முடித்தது கிடையாது.

எண்ணெய் வாங்க வருகிற பெண்கள் கேலி செய்வார்கள். "என்ன மாமா, நேத்துப் பாட்டு என்ன ஆச்சு? கூழையன் வாலோட சேர்ந்து அறுந்து போச்சா?"

அவனும் சிரித்துவிடுவான்.

ஒருநாள் எண்ணெய் கேட்டு ஒரு மந்திரவாதி வந்தான். நூறு வயசு, ஆனாலும் தலை கருகருவென்று இருக்கும். வழியில் படுத்திருந்த கூழையனைக் காலால் உதைத்தான். அரியநாச்சிக்கு வந்ததே கோபம்!

"வாயில்லாத ஜீவனை உதைக்கிற கால் விளங்குமாய்யா? எண்ணெயும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. போ வெளியே!"

"என் காலையா பேசினாய்? உன் கால் கல்லாகட்டும்" என்று விபூதியை ஊதினான்.

அவ்வளவுதான். செக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்த அரியநாச்சியின் இரண்டு பாதமும் கல்லாகி மண்ணோடு ஒட்டிக்கொண்டன. பொன்னுரங்கன் ஓடிவந்து மந்திரவாதியின் காலைப் பிடித்துக் கதறினான்.

"அழாதே. நீ ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் கட்டிப் பாடு. கல் உதிர்ந்துவிடும்" என்று மந்திரவாதி சிரித்தான். "துணைக்கு என் மைனாவை விட்டுப் போகிறேன். பாட்டு தெரிந்த மைனா."

பாவம், பொன்னுரங்கன் அதை நல்ல மனசு என்று நினைத்தான்.

மறுநாள் எள்ளைப் போட்டு மாட்டைக் கட்டினான். செக்கு சுற்றியது, மாடு சுற்றியது, அவனும் சுற்றினான். ஒரு வரி வந்தது.

"சுத்திச் சுத்தி வந்தேனே, எங்கே போய்ச் சேர்ந்தேனே?"

நுகத்தடியில் உட்கார்ந்திருந்த மைனா தலையைச் சாய்த்தது. "நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைவிட நல்லது ஒண்ணு உனக்குள்ளே இருக்கு!"

அவன் யோசித்தான். மனைவியின் உயிர்ப் பிரச்சினை. அதற்குச் சாதாரணப் பாட்டு போதுமா? அந்த வரியை விட்டுவிட்டு வேறொன்று தேடினான். மைனா, "நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைவிட நல்லது ஒண்ணு உனக்குள்ளே இருக்கு!" என்றது. அதையும் விட்டான். மூன்றாவதையும் விட்டான்.

சாயங்காலம் பார்த்தால் அரியநாச்சிக்குக் கணுக்கால் தாண்டி ஓர் எள்ளளவு கல் ஏறியிருந்தது.

அவன் பயந்துபோனான். நாள் போகப் போகக் கல் ஏறுகிறது, சீக்கிரம் நல்ல பாட்டாகப் பிடிக்க வேண்டும் என்று தவித்தான். தவிக்கத் தவிக்க எந்த வரியும் பிடிக்கவில்லை. கல் முழங்கால் வரை வந்தது. பிறகு இடுப்பு. பிறகு நெஞ்சு. அவளைச் சுற்றி ஒரு பந்தல் போட்டான். மூன்று வேளையும் கஞ்சி ஊட்டினான். அவளுக்குத் தலைவாரத் தெரியாமல் வாரிவிட்டான்.

ஆட்டுகிற எண்ணெயில் முதல் கரண்டியை அம்மன் விளக்குக்கு ஊற்றி, "தாயே, ஒரு பாட்டைக் கொடு" என்று நெற்றி தேயக் கும்பிட்டான். தாய் வாய் திறக்கவில்லை. சில காலம் அப்படித்தான். நாம் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறோம், விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

ஐந்து வருஷம் போனது. கல் தொண்டைக்குழிக்கு வந்துவிட்டது. அந்த மழைக்காலத்தில் அவனுக்கு ஒரு மாதம் காய்ச்சல். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் இரண்டு பேருக்கும் கஞ்சி ஊற்றினார்கள். எழுந்து வந்தவனிடம் அரியநாச்சி சொன்னாள்.

"இந்தாங்க, ஒண்ணு கவனிச்சேன். நீங்க படுத்திருந்த மாசம் முழுக்கப் பாடவே இல்லை. கல்லும் ஏறவே இல்லை. நாள் போறதால ஏறலைங்க. நீங்க ஒரு பாட்டைப் பாதியில விடும்போதெல்லாம் ஏறுது."

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவளைக் கல்லாக்கியது மந்திரவாதிதானா, இல்லை தானேதானா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னும் நாலு விரற்கடைதான் புள்ளே. உன் வாய் மூடிடும். அப்புறம் மூக்கு." அழுதான். "இனிமே நான் பாடவே மாட்டேன். நீ இப்படியாவது இரு."

அதிலிருந்து அவன் பாடவில்லை. செக்கு சுற்றியது, மாடு சுற்றியது, அவனும் சுற்றினான். மெட்டு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டான். கொஞ்ச நாளில் மெட்டு வருவதும் நின்றுபோனது. எண்ணெய் வாங்க வருகிற பெண்கள் கேலி செய்வதையும் நிறுத்திவிட்டார்கள். அதுதான் அவனுக்கு ரொம்ப வலித்தது. மைனா மட்டும் நுகத்தடியில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. இப்படி மூன்று வருஷம். கடவுளே, யாருக்கும் அப்படி மூன்று வருஷம் வேண்டாம்.

ஒருநாள் காலையில் எள் பாதி ஆட்டியிருந்தான். அவனுக்குத் திடீரென்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதற்கு இந்த எண்ணெய், யாருக்கு இந்த விளக்கு என்று இருந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டான். செக்கு உரலுக்குள் கையை விட்டு எள்ளை அள்ளினான், குப்பையில் கொட்டுவதற்கு.

கை நின்றது.

ஆட்டுகிறவர்களுக்குத் தெரியும். பாதி ஆடின எள் எதற்கும் உதவாது. தின்ன முடியாது, விளக்கேற்ற முடியாது, மாட்டுக்கும் வைக்க முடியாது. அந்த நேரத்தில் அது கறுப்பாக, பிசுபிசுவென்று, கெட்டுப்போன மாதிரிதான் இருக்கும். கருப்பட்டி போட்டு, தண்ணீர் தெளித்து, சும்மா சுற்ற வேண்டும். எண்ணெய் பிரிகிற வரைக்கும் சுற்ற வேண்டும். அவன் பிறந்ததிலிருந்து ஒரு தரம்கூட எள்ளைப் பாதியில் அள்ளினதில்லை.

கையில் அந்தப் பிசுக்கோடு அவன் அரியநாச்சியைப் பார்த்தான். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேட்கட்டுமா? ரொம்ப நாளா மனசுல இருக்கு."

"கேளு."

"'சுத்திச் சுத்தி வந்தேனே, எங்கே போய்ச் சேர்ந்தேனே'ன்னு முதநாள் பாடினீங்களே. அதுக்கு அப்புறம் என்ன? எட்டு வருஷமா அது தெரியாம நின்னுக்கிட்டு இருக்கேன்."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எனக்கே தெரியாது புள்ளே."

"தெரியாட்டி ஆட்டிப் பாருங்க. வாய் மூடினா மூடட்டும். நீங்க பாடாம நான் மட்டும் பேசி என்ன பண்ண?"

அள்ளின எள்ளைத் திரும்ப உரலிலேயே போட்டான். மாட்டைக் கட்டினான். பழைய வரியையே பாடினான், ஒரு சுற்றுக்கு ஒரு தரம்.

மைனா சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. "நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைவிட நல்லது..."

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த எள் ஆடி முடிவதற்குள் இரண்டாவது வரி வந்தது.

"காலு ரெண்டும் தேஞ்சாலும், காத தூரம் போகலையே."

"நொண்டி வரி! நொண்டி வரி!" என்று மைனா கத்தியது. நொண்டிதான். அவனுக்கும் தெரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. "நொண்டியாவே நடக்கட்டும்" என்றான். கல் ஏறவில்லை.

மறுநாள் எள் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். அன்றைக்கு முழுவதும் ஒன்றுமே வரவில்லை. இருந்த இரண்டு வரியையே பாடி முடித்துவிட்டு மாட்டை அவிழ்த்தான். தூங்கப் போகும்போது செத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் கல் ஏறவில்லை.

மூன்றாம் நாள் எள் பிசுபிசுத்தது, கட்டியானது, பாகானது. தொண்டை கட்டிப்போய் இரண்டு வரியையும் முனகிக்கொண்டே சுற்றினான். உரலில் முதல் எண்ணெய் மின்னியபோது வாய் தானாகத் திறந்தது.

"எண்ணெய் கண்ட நேரத்திலே..."

மைனா பறந்து அவன் தோளுக்கே வந்துவிட்டது. குரல் தேனாக இருந்தது. "பொன்னுரங்கா, ஐயா, ராசா! ஒரே ஒரு நாள் பொறு. இதைவிட நல்ல முடிவு ஒண்ணு உனக்குள்ளே இருக்கு. சத்தியமா இருக்கு."

"இருக்கட்டும்" என்றான் பொன்னுரங்கன். "அதை அடுத்த பாட்டுல வச்சுக்கறேன்."

மைனா வாயைத் திறந்தபடி நிற்க, அவன் பாடி முடித்தான்.

"எண்ணெய் கண்ட நேரத்திலே, நின்ன இடம் ஊராச்சே."

மைனா ஒரு பிடி சாம்பலாக உதிர்ந்தது. எங்கேயோ தூரத்தில், ஜனங்கள் பாதியில் விட்ட பாட்டுகளைத் தின்றே இளமையாக இருந்த மந்திரவாதிக்கு ஒரே நொடியில் தலை நரைத்து, பல் கொட்டி, மந்திரமெல்லாம் மறந்துபோனது. வேப்பமரத்தடியில் கல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கழுத்து வந்தது, கை வந்தது, இடுப்பு வந்தது. இடது கால் சுண்டுவிரல் மட்டும் கல்லாகவே நின்றுவிட்டது. அந்த எட்டு வருஷமும் திரும்பி வரவில்லை. தலை நரைத்த அரியநாச்சி, விந்தி விந்தி நடந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டாவது வரி நல்லாவே இல்லைங்க" என்றாள்.

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

ராஜா வந்து பட்டம் கட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு பாட்டையும் முடித்தான். பாதிக்கு மேல் சுமாரான பாட்டுதான். எண்ணெய் வாங்க வருகிற பெண்கள் மறுபடியும் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். "மாமா, இந்தப் பாட்டு வளவளன்னு இருக்கு!" கேலி செய்துகொண்டே, முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போனார்கள்.

கதை இவ்வளவுதான். கேட்டவர்களிடம் ஒரு சின்ன விஷயம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது புதிதாக ஒரு வரியைப் பாடிவிட்டுப் பேசாமல் இருந்தால், நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். அதுக்கு அப்புறம் என்ன என்று ஒரு தரம் கேளுங்கள்.