நாக்பூர் வரை ஓடிய ஓரடி லாரி

கல்லேரிப்பட்டியில் லாரி சம்பந்தம் இல்லாத வீடு கிடையாது. லாரி வாங்க முடியாதவர்கள் லாரிக்குப் பாடி கட்டினார்கள். பாடி கட்டத் தெரியாதவர்கள் பெயின்ட் அடித்தார்கள். அதுவும் வராதவர்கள் டிரைவருக்குப் பெண் கொடுத்தார்கள். இது எதற்குமே லாயக்கில்லாமல் மூன்று பேர் மிஞ்சினார்கள். அவர்கள் சங்கம் ஆரம்பித்தார்கள்.

கல்லேரிப்பட்டி கனரக மாதிரி லாரிக் கலைஞர் சங்கம். தலைவர் பொங்கியண்ணன், செயலாளர் சென்னியப்பன், பொருளாளர் வீரக்குட்டி. உறுப்பினர் என்று யாரும் இல்லை. ஆசைப்பட்டுச் சேர வந்த ஒருவரையும் "பதவி காலி இல்லீங்களே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சங்கத்தின் வேலை, அசல் லாரியை இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வது. இருபத்து நாலடி லாரி ஓரடி ஆகிவிடும்.

கைவேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். குடைத்துணியில் தார்ப்பாய், சைக்கிள் ட்யூபில் டயர், சமிக்கியில் சைடு கண்ணாடி, சக்கரத்து நட்டுக்குக் கடுகு. ஒரு சக்கரத்துக்கு எட்டுக் கடுகு. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டுவார் பொங்கியண்ணன். கை நடுங்காது, மூச்சுக்கூட விடமாட்டார். கை இவ்வளவு வேலை செய்கிறதே என்று மூளை மட்டும் லீவு போட்டுவிடும்.

இந்த வேலையெல்லாம் நடப்பது பொங்கியண்ணன் வீட்டு முன்னறையில். ஊருக்குள் அவரைச் சின்னப் பையன்கூட "பொங்கியா" என்றுதான் கூப்பிடுவான். அந்தப் பத்துக்குப் பத்து அறைக்குள் நுழைந்தால் மட்டும் அவர் "தலைவரே". அந்த ஒரு சொல்லுக்காகவே மனுசன் உயிரோடு இருந்தார். அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

அவர் மனைவி பாவாயி மாவு மெஷின் போடப் போகிறாள். ஊரில் மெஷின் கிடையாது, மிளகாய் அரைக்க நாலு மைல் போக வேண்டும். யோசனையில் ஒரு குறையும் இல்லை. மெஷின் நிற்க இடம்தான் முன்னறை.

"ஏனுங்க மாமா, நாலு வருசமா சேலத்து மாதிரி லாரிப் போட்டிக்குப் போறீங்க. நாலு வருசமும் டீ குடிச்சுப்போட்டு வர்றீங்க. இந்தத் தடவ மொதப் பரிசு வந்தா அறை உங்களுது. வரலைன்னா மெஷின் எறங்கும். அப்பறம் என்னைச் சொல்லக் கூடாது."

போன வருஷம் பரிசு கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல்தான் போனது. நடுவர் கோதண்டபாணி, ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர், இவர்கள் லாரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுக் கடுகைக்கூடத் தட்டிக்கொடுத்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். "ஷோரூம்ல இருந்து எறக்கின மாதிரி இருக்கே! லாரின்னா புழுதி வேணும், துரு வேணும், டயர் தேஞ்சிருக்கணும். அடுத்த வருஷம் ஓடின வண்டியாக் கொண்டாங்க" என்றார். பழுப்புப் பொடி தூவி, பஞ்சால் துருக் கலர் ஒற்றி எடுத்து வந்த ராசிபுரத்துக்காரர் பரிசைத் தட்டிக்கொண்டு போனார்.

இந்த வருஷம் புது லாரி தயார். சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறித்தது. போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது சங்கம் கூடியது.

"நாமளும் பொடி தூவிப்போடலாமுங்களா?" என்றார் வீரக்குட்டி.

சென்னியப்பன் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் யோசிக்கிறார் என்று அர்த்தம். குறட்டை வந்தால் முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். குறட்டை வந்தது. தட்டி எழுப்பினார்கள்.

"பொருளாளரே, நடுவர் வாயால என்ன சொன்னாரு?"

"ஓடின வண்டியாக் கொண்டாங்கன்னாருங்க."

"பொடி தூவின வண்டின்னாரா?"

"இல்லீங்க. ஓடின வண்டி."

"அப்பறம் பொடிக்கு இங்க என்ன வேலை? ஓடாத வண்டி மேல புழுதி பூசறது, பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவனுக்கு டாக்டர் பட்டம் குடுக்கற மாதிரி. நாட்டுல நடக்கும். நம்ம சங்கத்துல நடக்கக் கூடாது."

பொங்கியண்ணனுக்குப் புல்லரித்துவிட்டது. "அப்ப ஓட்டிப்போடலாம். ஆனா இன்ஜின் இல்லீங்களே?"

"கயிறு இருக்குதல்ல?" என்றார் சென்னியப்பன்.

சேலம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். வண்டியோ இருபத்து நாலில் ஒரு பங்கு. அந்தச் சின்ன உடம்புக்கு இந்தத் தூரம் இருபத்து நாலு மடங்காகத் தெரியும் அல்லவா? வீரக்குட்டி சுவரில் கரிக்கட்டியால் பெருக்கிப் பார்த்தார். ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் வந்தது.

"கிட்டத்தட்ட நாக்பூருங்க தலைவரே!"

"நாக்பூர் போன வண்டிக்குக் குடுக்காம வேற எவனுக்குக் குடுப்பாங்க பரிச?" என்று பொங்கியண்ணன் தொடையைத் தட்டினார்.

லோடு இல்லாமல் எந்த லாரி நாக்பூர் போகும்? எங்கள் பக்கத்து லாரி முட்டை ஏற்றும். பெரிய வண்டியில் ஒன்றரை லட்சம் முட்டை ஏறும். இருபத்து நாலால் வகுத்தால் ஆறாயிரத்து இருநூற்று ஐம்பது. அடுக்கிப் பார்த்ததில் ஓரடி லாரியில் ஆறு முட்டை ஏறியது.

"மிச்சம் ஆறாயிரத்து எரநூத்தி நாப்பத்தி நாலு முட்டைய என்னங்க பண்றது?" என்று வீரக்குட்டி கவலைப்பட்டார்.

"அடுத்த நடைக்கு" என்றார் சென்னியப்பன். அப்பாடா என்று இருந்தது எல்லோருக்கும்.

காலையில் பூஜை. அசல் வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். இதற்குச் சுண்டைக்காய் வைத்தார்கள். வண்டி சுண்டைக்காய் மேல் ஏறவும் மாட்டேன் என்றது, நசுக்கவும் மாட்டேன் என்றது. நாக்பூர் பயணம் சுண்டைக்காய் தடுக்கி அரை மணி நேரம் தாமதமானது.

டிரைவர் பொங்கியண்ணன் கயிற்றைப் பிடித்து முன்னால் இழுத்தார். கிளீனர் வீரக்குட்டி சாக்கு நிறைய ஸ்பேர் சாமான்களைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் குனிந்து குனிந்து "ரைட்டே! வரட்டும் வரட்டும்!" என்று கத்திக்கொண்டு வந்தார். சென்னியப்பன் ஓனர். ஓனருக்கு வேலை கிடையாது, குடை பிடித்துக்கொண்டு வந்தால் போதும். துணி தார்ப்பாய்க்குப் போய்விட்டபடியால், நாலு நாளும் வெறும் குடைக்கம்பியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார் மனுசன்.

முதல் வேகத்தடையிலேயே ஆறு முட்டையும் உடைந்தன. மஞ்சள் கரு பலகை வழியாக ஒழுகி, கதவில் வடிந்து, சக்கரத்தில் சொட்டி, அதன் மேல் நெடுஞ்சாலைப் புழுதி அப்பிக்கொண்டது. வெயில் அதைக் காய்ச்சி எடுத்தது. இரண்டாம் நாள் ஒரு மழை அடித்தது, தகரத் துண்டெல்லாம் துருப்பிடித்தது. டயர் வழவழவென்று தேய்ந்தது. ஒரு ஆட்டுக்குட்டி முட்டியதில் முன் பம்பர் கோணிக்கொண்டது. எந்த ராசிபுரத்துக்காரரும் நூறு வருஷம் பஞ்சு வைத்து ஒற்றினாலும் வராத வேலை அது. இவர்களுக்கு அது தெரிந்தால்தானே!

மூன்றாம் நாள் மத்தியானம், மல்லூருக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டினார்கள். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த அசல் லாரி டிரைவர் ஒருவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பார்த்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"யோவ், இது என்ற வண்டிய்யா! அதே நசுங்கல், அதே துரு! எட்டு வருசம் ஓட்டினேன்யா!" அவர் கண் கலங்கிவிட்டது.

பொங்கியண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அறை தப்பித்தது. மெஷின் வராது. பரிசுக் கேடயத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்றுகூட மனசுக்குள் ஆணி அடித்துவிட்டார்.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போகிறவர் சும்மா போகக் கூடாதா? "எல்லாம் சரி. எஃப்.சி.க்கு மட்டும் நிக்காது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எஃப்.சி. என்றால் வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று வருஷா வருஷம் அதிகாரி பார்த்துத் தரும் சான்றிதழ். அதற்குப் போகும் முன் வண்டியைப் புதுப்பெண் மாதிரி ஜோடித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நடுவர் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கறது எஃப்.சி. மாதிரிதானுங்களே?" என்றார் வீரக்குட்டி.

"அதுல என்ன சந்தேகம்?" என்றார் சென்னியப்பன். "பெயின்ட் அடிக்காம எஃப்.சி.க்குப் போன வண்டிய ஊருல பார்த்திருக்கிறீங்களா?"

"சென்மத்துல இல்லீங்க."

பொங்கியண்ணனுக்கு நெஞ்சுக்குள் என்னவோ உறுத்தியது. பசியாக இருக்கும் என்று ஒரு வடை தின்றார். சரியாகிவிட்டது.

சாக்கைப் பிரித்தார்கள். பத்து டயரும் புதுசு. கதவு புதுசு. பம்பர் புதுசு. பலகையைச் சுரண்டிக் கழுவி, சிவப்பும் மஞ்சளும் இரண்டு கோட்டிங். கழற்றிய துரு, தேய்ந்த டயர், நசுங்கின தகரம் எல்லாவற்றையும் அந்த வழியாகப் போன பழைய இரும்புக்காரரிடம் போட்டு, பேரீச்சம்பழம் வாங்கிச் சமமாகப் பங்கிட்டுத் தின்றார்கள். ஈரப் பெயின்ட்டில் தூசி ஒட்டிவிடுமே என்று, மீதித் தூரத்துக்கு வண்டியைத் துணி சுற்றித் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சேலத்தில் நடுவர் கோதண்டபாணி துணியை விலக்கிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் போட்டார்.

"போன வருஷமே சொன்னேனே, ஓடின வண்டி வேணும்னு!"

"ஓடினதுங்க சார்! நாக்பூர் தூரம் ஓடினதுங்க!"

"அப்போ புழுதி எங்கேய்யா? துரு எங்கே?"

"பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டமுங்க" என்றார் பொங்கியண்ணன், மறைக்காமல்.

நடுவர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். தலை முழுக்கச் செம்மண், கிழிந்த வேட்டி, வெயிலில் உரிந்த மூக்கு, அறுந்த செருப்பு. "உங்க மேல இருக்கறதுல கால்வாசி அந்த வண்டி மேல இருந்திருந்தா மொதப் பரிசு உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ராசிபுரத்துக்காரரிடம் போனார்.

பொங்கியண்ணன் ஊர் திரும்பியபோது முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார். அழுகை வந்தது, அழுதார். பாவாயிக்கே பாவமாகப் போய்விட்டது. மெஷினுக்கு மேலே ஒரு பலகை அடித்து, லாரிகளை அதில் வரிசையாக நிறுத்திக்கொள்ளச் சொன்னாள். "மொளகா அரைக்கறப்ப மட்டும் எட்டி நில்லுங்க தலைவரே" என்றாள். அவள் வாயால் தலைவரே என்று வந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஒரு மாதம் போயிற்று. நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்கு வந்த நடுவர், போகிற வழிதானே என்று காரை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். பாவாயியோடு சங்கத்து மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். பலகையைப் பார்த்தவர் சிலையாகிவிட்டார்.

நாக்பூர் வண்டி மேல் ஒரு மாதத்து மாவு படிந்திருந்தது. சக்கரத்தில் கேழ்வரகு மாவு, அப்படியே செம்மண். தார்ப்பாயில் மல்லிப்பொடி, அப்படியே ரோட்டுப் புழுதி. கதவு இடுக்கில், கம்பி மூலையில், நட்டு நட்டாக மிளகாய்ப்பொடி ஈரம் குடித்து இறுகிக்கிடந்தது. துரு தோற்றுவிடும்.

"இது... இதை யார் பண்ணினது?" என்று கேட்டார் நடுவர்.

"மெஷினுங்க" என்றாள் பாவாயி.

"அம்மா, இதைத்தான் நான் ரெண்டு வருஷமாக் கேட்டேன்! அடுத்த மாசம் சென்னையில மாநிலப் போட்டி. போட்டோ அனுப்பினாப் போதும், நான்தான் அங்கேயும் நடுவர். மொதப் பரிசு இதுக்குத்தான்!"

பாவாயி ஒரு நிமிஷம் யோசித்தாள். "சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க மாமா. பரிசு வந்தா மெஷினப் பின்னால கொட்டாய்க்கு மாத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நடுவருக்குக் காபி போடப் போனாள்.

"கார்ல கேமரா இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று நடுவர் வாசலுக்கு ஓடினார். ஓடினவர் திரும்பி நின்று, விரலை ஆட்டி எச்சரித்தார். "அதுவரைக்கும் யாரும் அது மேல கை வெக்கக் கூடாது. ஒரு விரல் படக் கூடாது, ஆமா!"

மூன்று பேரும் பலகைக்குக் கீழே நின்று வண்டியை அண்ணாந்து பார்த்தார்கள். பொங்கியண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "அவ்வளவு பெரிய மனுசர் போட்டோ எடுக்கறாரு. மூஞ்சி கழுவாமயா நிறுத்தறது?"

"கை படக் கூடாதுன்னாருங்களே?" என்றார் வீரக்குட்டி.

சென்னியப்பன் கண்ணை மூடினார். இந்தத் தடவை குறட்டை வரும்வரை காத்திருக்க நேரமில்லை. திறந்துவிட்டார். "தண்ணிப் பைப்பு இருக்குதல்ல?"

நடுவர் கேமராவைத் திருகிக்கொண்டே உள்ளே வந்தார். நாக்பூர் வண்டி பலகையின் நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்றது. அவர் கையிலிருந்து கேமரா நழுவி மாவு மூட்டை மேல் விழுந்தது.

"ஒரு விரல் படலீங்க சார்" என்றார் பொங்கியண்ணன், பெருமை தாங்காமல். "தூர நின்னு பைப்பாலயே அடிச்சுப்போட்டோம்."

பாவாயி காபியோடு வந்தாள். வண்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். காபியை நடுவர் கையில் கொடுத்துவிட்டு மெஷின் சுவிட்சைப் போட்டாள். நடுவர் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாருக்குச் சந்தோசத்துல பேச்சு வரலை" என்றார் சென்னியப்பன். "பாவம், அவரு காரும் ஒரே புழுதியாக் கெடக்குது. சும்மா அனுப்பினா நல்லாவா இருக்கும்? பொருளாளரே, அதையும் ஒரு அடி அடிச்சுப்போடுங்க."

வீரக்குட்டி பைப்பை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஏற்கெனவே போயிருந்தார். தண்ணீர் நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தது. கார் கண்ணாடி நாலும் இறக்கியிருந்தது.